நீளக்கழுத்தன் யாருக்குப் பங்காளி?

மைக்கை எப்படிப் பிடிப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. நீங்கள் காதில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் வீசிப் பேசுகிற தலைமுறை. நாங்கள் பிடித்த மைக், குழம்புக் கரண்டி கனம் இருக்கும். மழை தூறினால் உதட்டில் ஷாக் அடிக்கும். விளக்கு, மோட்டார், ஒலிபெருக்கி சமாசாரமெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டில் இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது படியுங்கள், நல்லாத் தூக்கம் வரும்.

கண்காட்சி அரங்கில் நின்று சனங்களுக்கு விளக்கம் சொல்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அந்த வேலையிலேயே தலை நரைத்து வெளியே வந்தவன் நான். "அண்ணே, உங்க அனுபவத்துல ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்று உங்களில் ஒரு தங்கச்சி கேட்டாள். ஒன்றுதானே கேட்டாள், நல்லவேளை. இரண்டு கேட்டிருந்தால் பொங்கல் வரைக்கும் பேசியிருப்பேன்.

கேளுங்கள். சனங்கள் ஒன்றைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அது உள்ளே இல்லை. உள்ளே இருப்பது வேறு. கூட்டம் கொதித்துப்போய் உங்களைப் பார்க்கிறது. மைக் உங்கள் கையில். என்ன பேசுவீர்கள்?

எனக்கு இது திண்டுக்கல்லில் நடந்தது. தொண்ணூறுகளின் கடைசி. டைனோசர் என்கிற பெயர் சின்னப் பிள்ளைகள் வாயில் சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கிடந்த காலம். அதற்கு முன்னால் நான் மரணக் கிணற்றுக்கு அறிவிப்பாளன். கிணற்றுக்குள் ஒருவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார், வெளியே நின்று நான் கத்துவேன். எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் அங்கேதான் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் சொன்னது ஒரே விஷயம்: "கூட்டத்துல எவனாவது வஞ்சா, காது கேக்காத மாதிரி நிக்காத. அவன் வஞ்சதை நீயே மைக்குல சத்தமாத் திருப்பிச் சொல்லு. பாதிக் கோவம் அதுலயே போயிரும். மீதிப் பாதிக்குப் பதில் சொல்லு." அப்போது எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நம்மைத் திட்டுகிறவனுக்கு நாமே ஒலிபெருக்கி பிடிப்பதா? சரி என்று கேட்டுவைத்துக்கொண்டேன்.

பிறகு தனபால் வந்தான். எரியோடு ஊர்க்காரன். திருவிழாக்களுக்குப் பெரிய பெரிய பொம்மை செய்துகொடுத்துக் கொண்டிருந்தவன், அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு வருஷம் கொட்டகைக்குள் உட்கார்ந்து ஃபைபரில் ஆறு டைனோசர் செய்துவிட்டான். ஒவ்வொன்றும் வீட்டு உயரம். உள்ளே மோட்டார். தலை ஆடும், வால் ஆடும், வாய் திறக்கும். "பங்காளி, நீ பேசு, நான் ஆட்டுறேன்" என்றான். எங்களுக்குள் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. நான் அந்தோணி, அவன் தனபால், எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ், அவன் வீட்டில் பொங்கல். ஆனாலும் அவனுக்கு நான் பங்காளி, எனக்கு அவன் பங்காளி. நம் பக்கம் சேர்ந்து டீ குடித்தாலே அப்படித்தானே கூப்பிடுகிறோம்! இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் எங்கள் காலை வாரியது.

ஆறில் ஒன்று கடிக்கிறது. பெரிய தலை, குட்டிக் கை, வாய் நிறையப் பல். மற்ற ஐந்தும் இலை தழை தின்கிறவை. அவற்றின் உண்மைப் பெயர்கள் வாயில் நுழையாது என்பதால் தனபாலே பெயர் வைத்திருந்தான். நீளக்கழுத்தன். மூணுகொம்பன். முதுகில் வரிசையாகத் தகடு வைத்தவன் தகட்டுமுதுகன். உடம்பெல்லாம் கவசமும் வால் நுனியில் கதாயுதம் மாதிரி உருண்டையும் உள்ளவன் கதைவாலன். வாய் தட்டையாக இருப்பவன் வாத்துவாயன்.

கொடைக்கானலில் சீசன் முடித்துவிட்டு, திண்டுக்கல் பொருட்காட்சிக்கு இறங்கினோம். ஐந்தும் முதலில் வந்து சேர்ந்துவிட்டன. கடிக்கிறவன் உயரம் என்பதால் கடைசி லாரியில் தனியாக நின்றபடி வந்தான், தனபாலும் கூடவே. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே ஏதோ திருவிழாவுக்கு இரும்பில் வரவேற்பு வளைவு கட்டியிருந்தார்கள். போயிரும் என்று டிரைவர் நினைத்தார். லாரி போய்விட்டது, தலை போகவில்லை.

தனபால் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"பங்காளி, தலை மட்டும் 'வருக வருக'ங்கிற எழுத்துக்கு மேல வாயப் பொளந்துக்கிட்டுத் தொங்குது. பஸ்ஸுல இருக்க சனமெல்லாம் எறங்கி நின்னு கும்பிடுறாக."

"உடம்பு?"

"நெஞ்சு வரைக்கும் கிழிஞ்சிருச்சு. எரியோட்டுக்குக் கொண்டு போறேன். சீக்கிரத்துல ஆகுற காரியம் இல்ல."

இதில் என்ன கொடுமை என்றால், திண்டுக்கல் முழுக்க நாங்கள் ஒட்டியிருந்த போஸ்டரில் இருந்தது அந்த ஒரே முகம்தான். வாயைத் திறந்துகொண்டு, 'வந்துவிட்டான்!' என்று கீழே எழுத்து. வரவில்லையே!

வெள்ளிக்கிழமை கூடாரம் திறந்தோம். ஐந்தையும் அரைவட்டமாக நிறுத்தி, நடுவில் கடிக்கிறவனுக்காகப் போட்ட பெரிய மேடையைக் காலியாக விட்டிருந்தோம். மேலே ஒரு பலகை: 'சைவ வகையறா'. அது என் யோசனை. ஐந்தும் கறி தின்னாதவை, அதனால் ஐந்தும் ஒரே குடும்பம் என்று மைக்கில் அடித்துவிட்டேன். நீளக்கழுத்தன் மூத்த அண்ணன், மூணுகொம்பன் கோபக்காரத் தம்பி, வாத்துவாயன் கடைக்குட்டி என்று உறவுமுறை வேறு.

சனங்கள் உறவுமுறை கேட்கவா வந்தார்கள்?

"கடிக்கிறது எங்கய்யா?"

"போஸ்டர்ல இருக்கது எங்க?"

"ஏமாத்துறாங்கப்பா, வாங்க போவோம்."

ஒரு பிள்ளை தரையில் புரண்டு அழுதது. அதன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. வெளியே போகிறவர்கள் வரிசையில் நிற்கிறவர்களிடம் "உள்ள ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வரிசை கரைந்தது.

பொருட்காட்சி மேனேஜர் சாயங்காலம் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"அந்தோணி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். சனங்க இப்புடி வஞ்சுக்கிட்டே வெளிய போனாக்க, திங்கக்கிழமை இந்த எடத்த மேஜிக்காரருக்குக் குடுத்துருவேன். வருத்தப்படாத."

தனபால் எரியோட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். முகம் வெளுத்துவிட்டது. இங்கே விரட்டினால் பேச்சு பரவிவிடும். அப்புறம் கரூர், திருச்சி, எங்கேயும் எங்களை உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருஷம் கொட்டகைக்குள் கிடந்து அவன் செய்தது எல்லாம் கோழிக் கூண்டாகத்தான் ஆகும். எனக்கும் அதுதான் முதல் சொந்தக் கூடாரம். திரும்பிப் போய் மரணக் கிணற்றுக்கு வெளியே நின்று கத்த எனக்கு உயிர் இல்லை. பயந்துதான் போனேன், மறைப்பானேன்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சுமாரான கூட்டம். நான் பழைய பல்லவியையே பாடினேன். முன்வரிசையில் சாணார்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பேரப் பிள்ளைகளோடு நின்றார். தோளில் துண்டு, வாயில் வெற்றிலை. நான் "இவர்கள் ஐவரும் உடன்பிறந்த பங்காளிகள்" என்று உருகிக்கொண்டிருக்கும்போது அவர் குறுக்கே புகுந்தார்.

"ஏப்பா அப்பு, எதை வச்சு அஞ்சும் பங்காளிங்கிற?"

"அஞ்சும் எலை தழை திங்கிறதுய்யா."

"என் கொல்லையில ஆடும் மாடும் ஒண்ணாத்தான் மேயுது. ரெண்டும் பங்காளியா?"

கூட்டம் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "பெரியவர் சரியாத்தான் கேக்குறார், தம்பி. பந்தியில ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா பங்காளி ஆயிருவாங்களா?"

திரும்பினால் ஒரு டீச்சர். கையில் குடை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்குக் காது சுட்டது. மைக்கை அணைத்துவிட்டு, டீச்சரை ஓரமாகக் கூட்டிப்போய், "டீச்சர், பொழப்பக் கெடுத்துராதீக" என்று கெஞ்சலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடிதான் தொழில். மரணக் கிணற்றில் எனக்குத் தொழில் பழக்கியவர் மூளைக்குள் வந்து நின்றார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"டீச்சர் கேட்கிறார்: பந்தியில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் எல்லாம் பங்காளி ஆகிவிடுவார்களா? இந்த நீளக்கழுத்தன் யாருக்குப் பங்காளி?"

அடேயப்பா! வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? டைனோசர் என்ன தின்றது என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. யார் யாருக்குப் பங்காளி என்று ஒரு வழக்கு வந்துவிட்டால், சோற்றை மறந்துவிட்டு நிற்பார்கள். கோயில் மாலை மரியாதையிலிருந்து கல்யாணப் பேச்சு வரைக்கும் எல்லாம் அதில்தானே இருக்கிறது.

டீச்சரிடம் மைக்கை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, குடையை நீட்டி நீளக்கழுத்தன் இடுப்பைத் தொட்டார்.

"வம்சம் பாக்கணும்னா வாயப் பாக்காதீங்க, இடுப்பப் பாருங்க. இடுப்புல ஒரு எலும்பு இருக்கு. சில டைனோசருக்கு அது பல்லிக்கு இருக்குற மாதிரி முன்னால பாத்து நீட்டிக்கிட்டு இருக்கும். அது ஒரு வகையறா. சிலதுக்குப் பறவைக்கு இருக்குற மாதிரி பின்பக்கமாத் திரும்பிப் படுத்திருக்கும். அது இன்னொரு வகையறா. மூணுகொம்பன், தகட்டுமுதுகன், கதைவாலன், வாத்துவாயன், இந்த நாலுக்கும் எலும்பு பின்னாலதான். நாலுக்கும் கீழ்த்தாடை நுனியில ஒரு தனி எலும்பு வேற இருக்கும். அது மத்த யாருக்கும் கிடையாது. அதனால நாலும் ஒரு வம்சம்."

"அந்த நாலுக்குள்ள?" பெரியவர் விடவில்லை.

"தகட்டுமுதுகனும் கதைவாலனும் நெருங்குன பங்காளி. ரெண்டுக்கும் தோல்லயே எலும்பு மொளைச்சுக் கவசம் வந்திருக்கு. ஒருத்தன் அதை முதுகுல நட்டுக்கிட்டான், இன்னொருத்தன் ஒடம்பெல்லாம் போர்த்திக்கிட்டான். மூணுகொம்பனும் வாத்துவாயனும் இன்னொரு பக்கம் நெருக்கம். அதுக பல்லுல ஒரு பக்கம் மட்டும் கெட்டிப் பூச்சு."

"அப்பத்தான் ஒரு பக்கம் தேயத் தேய அருவா மாதிரி தானாக் கூராகும்" என்றார் பெரியவர்.

"அதேதான்யா."

"சரி, இந்த நீளக்கழுத்தன்?"

"அவனுக்கு எலும்பு முன்னால நீட்டிக்கிட்டு இருக்கு. இந்த நாலு பேரோட சாப்பாட்டுல மட்டும்தான் சேர்க்கை. அவன் பங்காளி இங்க இல்ல. உங்க போஸ்டர்ல வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறானே, அவன்தான். ரொம்ப ரொம்பத் தூரத்துல பிரிஞ்ச பங்காளி, ஆனா ஒரே வம்சம்."

கூட்டம் மொத்தமும் திரும்பி நீளக்கழுத்தனைப் பார்த்தது. அதுவரை வாயில் வேப்பிலைக் கொத்தோடு நின்ற அந்தச் சாதுப் பிராணிக்கு ஒரு நொடியில் மரியாதை வந்துவிட்டது.

"ஒரு பங்காளி தழை, ஒரு பங்காளி கறியா?" என்றார் ஒருவர்.

"ஏன், எங்க வீட்ல இல்லையா?" என்றது ஓர் அம்மா. "இவரு கறி இல்லாமச் சோத்துல கைய வைக்க மாட்டாரு. இவரு தம்பி பழனிக்கு மாலை போட்டவரு, அப்புடியே கவிச்சிய விட்டுட்டாரு. அதுக்காக அண்ணன் தம்பி இல்லேன்னு ஆயிருமா?"

இரண்டு நாளில் முதல் தடவையாகக் கூடாரம் சந்தோஷமாகச் சிரித்தது. பெரியவருக்கு மட்டும் இன்னும் ஒரு சந்தேகம்.

"டீச்சர், பறவை மாதிரி இடுப்புங்கிறீக. அப்பக் கோழியெல்லாம் இந்த நாலு பேரு வகையறாவா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "அதுதான்யா கூத்து. கிடையாது. கோழி, காக்கா, மயிலு எல்லாம் அந்தக் கடிக்கிறவன் வழியில வந்தது. அதுகளுக்கு அந்த எலும்பு பிற்பாடு தனியாப் பின்னால திரும்பிக்கிருச்சு. பேரு வச்சப்ப அது யாருக்கும் தெரியாது. வச்ச பேரு வச்சபடியே நின்னுபோச்சு."

"அதுக்கென்ன, எங்க ஊருல கறுப்பையான்னு ஒருத்தன் செக்கச்செவேல்னு இருக்கான்" என்று பெரியவர் வழக்கை முடித்துவைத்தார்.

டீச்சர் போகும்போது, "நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் எங்க புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாரேன் தம்பி. அந்தப் பலகைய மட்டும் மாத்திருங்க" என்றார்.

கூட்டம் வையாமல் வெளியே போனதை மேனேஜர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். உள்ளே ஓடி வந்தார், முகமெல்லாம் வெளிச்சம்.

"அந்தோணி! அவன் இவன் பங்காளியாமே! அப்புறம் என்ன? தனபாலு, இவன் வாயில நாலு பல்ல வையி. உதட்டுல செவப்புப் பெயிண்ட் அடி. வாயில இருக்க வேப்பிலையத் தூக்கிப் போடு. கடிக்கிறவனுக்குக் கடிக்கிறவனாச்சு!"

தனபால் ஏற்கனவே பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டான். "பங்காளி, ஒரே வம்சம்னு டீச்சரே சொல்லிட்டாக. பொய்யில்லையே" என்றான். பாவம், அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. தான் செய்த மிருகத்தின் வாயிலேயே பொய்ப் பல் வைக்கத் துணிகிற அளவுக்கு அவன் பயந்திருந்தான்.

இந்த இடம்தான் உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம். பொய் எப்போதும் பொய் மாதிரி வராது தம்பிகளா. உண்மைக்குப் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். பங்காளி என்பது நிஜம், பல் என்பது பொய். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து அடித்தால் எவருக்கும் தெரியாது. எனக்கும் ஆசை வந்தது. ஆனால் இடுப்பைப் பார்த்து வம்சம் சொல்லக் கற்றுக்கொண்ட பெரியவரும், தம்பி கறி தின்பதில்லை என்று சிரித்த அம்மாவும் நாளைக்கு நாலு பேரிடம் சொல்வார்கள். அந்த நாலு பேர் வந்து ரத்தம் வழிகிற தழைதின்னியைப் பார்த்தால் எங்களை மட்டுமா நம்பமாட்டார்கள்? அந்த டீச்சரையும் நம்பமாட்டார்களே.

"பல்லு வேண்டாம் சார்" என்றேன்.

மேனேஜர் முகம் இறுகியது. "போஸ்டர்ல கடிக்கிறது இருக்கு. நாளைக்கு இந்தக் கூடாரத்துக்குள்ள கடிக்கிறது ஒண்ணு இருக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை காலையில கழட்டிரு."

"இருக்கும் சார்."

"எங்கருந்து வரும்?"

எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. அப்போதுதான் பெரியவர் கண்ணில் பட்டார். கதைவாலனின் வாலைவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பேரனை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, செத்த நேரம் நில்லுங்க. உங்க வீட்ல சேவல் இருக்கா?"

"ரெண்டு கிடக்கு. ஏன், அடிச்சு வெஞ்சனம் வைக்கவா?"

"இல்லைங்கய்யா. மேடையில நிக்கிறதுக்கு."

அவர் என்னையும் காலி மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் 'சைவ வகையறா' பலகையை இறக்கிவிட்டு, ஆள் கூட்டி நீளக்கழுத்தனை நகர்த்தினோம். நாலு பேரிடமிருந்து பிரித்து எதிர்ப் பக்கம், காலி மேடைக்கு அருகில். வால் கூடாரக் கயிற்றில் மாட்டிக்கொண்டது, தனபால் வைத வசவுகளை இங்கே சொல்ல முடியாது. கவசக்காரர்கள் இரண்டு பேரையும் தோளோடு தோள் நிறுத்தினோம். மூணுகொம்பனும் வாத்துவாயனும் ஜோடி. சிவப்புக்காகத் திறந்த டப்பாவை மூடிவிட்டு, தனபால் வெள்ளைப் பெயிண்டை எடுத்து ஒவ்வொன்றின் இடுப்பிலும் அந்த எலும்பை வரைந்தான். நாலில் பின்னால், ஒன்றில் முன்னால். வரைந்து முடித்து எட்ட நின்று பார்த்தவன், "பங்காளி, இத்தனை நாளும் நான் அஞ்சு பொம்மைதான் செஞ்சு வச்சிருந்தேன். இப்பத்தான் குடும்பம் மாதிரி இருக்கு" என்றான்.

பெரியவர் சொன்னபடி வந்தார். கக்கத்தில் சேவல். கறுப்பும் சிவப்புமாக, கழுத்து மயிர் சிலிர்த்து, கண்ணில் கொஞ்சமும் தயவு தாட்சண்யம் இல்லை. கடிக்கிறவனின் பிரம்மாண்டமான காலுக்காகச் செய்த மேடையின் நட்ட நடுவில் அதை ஒரு முளைக்குச்சியில் கட்டினோம். முன்னால் பலகை: 'கடிக்கிறவனின் வாரிசு. கிட்டே போகாதீர்கள், கொத்தும்.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

டீச்சர் பிள்ளைகளோடு வந்துவிட்டார். மேனேஜர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூடாரம் நிரம்பியது. முதல் சத்தம் எதிர்பார்த்தபடியே வந்தது, ஓர் இளவட்டத்திடமிருந்து.

"யோவ்! போஸ்டர்ல அதைக் காட்டிட்டு, உள்ள கோழியக் காட்டுறியா?"

தனபால் கண்ணை மூடிக்கொண்டான். மைக்கை எடுத்தேன்.

"அண்ணன் கேட்கிறார்: போஸ்டரில் அதைக் காட்டிவிட்டு உள்ளே கோழியைக் காட்டுகிறாயா? நியாயமான கேள்வி. போஸ்டரில் இருப்பவன் நிஜமாகவே கிளம்பினான். வத்தலக்குண்டில் வரவேற்பு வளைவு அவனை ரொம்பவும் வரவேற்றுவிட்டது. தலை அங்கேயே தங்கிவிட்டது. எரியோட்டில் வைத்தியம் நடக்கிறது. வந்ததும் சொல்கிறோம், இதே சீட்டைக் காட்டி மறுபடி வந்து பாருங்கள். அதுவரை அவன் பங்காளி யார், வாரிசு யார் என்று இந்தக் கூடாரத்திலேயே கண்டுபிடிக்க முடியும். இடுப்பைப் பாருங்கள்."

வளைவுக் கதைக்கே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மீதி வேலையைச் சனங்களே செய்தார்கள். இடுப்பு எலும்பைப் பார்த்து "இவன் அந்தப் பக்கம்", "இல்லடா, இவன் இந்தப் பக்கம்" என்று சின்னப் பிள்ளைகள் ஆளுக்கு ஆள் பங்காளிப் பஞ்சாயத்து. அந்த இளவட்டமே தன் நண்பனுக்குத் தகட்டுமுதுகனின் வம்சத்தை விளக்கிக்கொண்டிருந்தான், கொஞ்சம் தப்பாக. டீச்சரின் மாணவிகள் ஓடிப்போய்த் திருத்தினார்கள்.

ஆனாலும் மேனேஜர் முகம் இளகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"எல்லாஞ் சரிய்யா. கடிக்கிறதுன்னு போட்டிருக்கோம். இதைப் பாத்து எவன் பயப்படுவான்?" என்று சொல்லிக்கொண்டே, பலகையைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டார்.

சேவல் யோசிக்கவே இல்லை. 'டக்'கென்று ஒரே கொத்து. மேனேஜர் "ஆத்தீ!" என்று அலறிக்கொண்டு பின்னால் விழப்போய், நீளக்கழுத்தனின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விரலில் ரத்தம். தனபால் அடிக்காமல் விட்ட சிவப்பு அது.

பிறகு ஒரு பொடிசு, கூடாரம் கிழிகிற மாதிரி கத்தியது: "டைனோசர் கடிச்சிருச்சு டோய்!"

அந்தச் சத்தம் பொருட்காட்சித் திடல் முழுக்கக் கேட்டது. ராட்டினத்தில் ஏற நின்ற வரிசை அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. டீச்சர் கைக்குட்டையை நனைத்து மேனேஜர் விரலைக் கட்டிவிட்டார். அவர் வலியோடு வலியாக வெளியே நீளும் வரிசையைப் பார்த்தார்.

"அந்தோணி, மேஜிக்காரருக்கு வேற எடம் பாத்துக்குறேன்" என்றார். "அந்தச் சேவலை மட்டும் நல்லாக் கட்டு."

தனபால் நீளக்கழுத்தனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். நானும்தான்.

பொருட்காட்சி முடிகிற வாரம் கடிக்கிறவன் எரியோட்டிலிருந்து குணமாகி வந்தான். கழுத்தில் ஒட்டுப்போட்டது தெரியாத அளவுக்குத் தனபால் அழகாகச் செய்திருந்தான். புது மோட்டார், புது உறுமல். பெரியவரிடம் கோடி நன்றி சொல்லிச் சேவலை ஒப்படைத்துவிட்டு, மேடையில் அவனை ஏற்றினோம். போஸ்டரில் இருந்த அதே முகம், அதே வாய், அதே பல். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. திரையை விலக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மைக்கை எடுத்தேன்.

முன்வரிசையில் எரிச்சலோடு நின்ற ஓர் அப்பா, தரையில் புரண்டு அழுகிற பிள்ளையைக் காட்டி என்னிடம் கேட்டார்: "ஏங்க, கடிக்கிறது எங்க? கொத்துற சேவல் இருக்குன்னுதானே வந்தோம்?"

அவர் கேட்டதை மைக்கில் திருப்பிச் சொன்னேன். வேறென்ன செய்ய? பிறகு சாணார்பட்டிப் பெரியவரிடம் ஆளை அனுப்பினேன்.